கைது செய்ய வந்த வேஷக்காரர்கள்

இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம்.
ஓரவா, ஸ்லோவாக்கியா, 1995 மார்ச் 4

என் கண்ணான மகள் ஓதிலியாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம், மனசுக்கும் அப்படித்தான் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த டொரன்டோ குளிரில் சுகம்தானே? சின்னவளுக்கு இருமல் நின்றதா, வெங்காயச் சாற்றில் தேன் கலந்து கொடு, கடை மருந்துக்குக் காசைக் கொட்டாதே. இங்கே முட்டை விலை மறுபடி ஏறிவிட்டது, நம் கோழிகள் இருப்பதால் பிழைத்தோம். தவக்காலம் தொடங்கிவிட்டது, புதன்கிழமை சாம்பல் பூசிக்கொள்ள நான் மட்டும்தான் கோயிலுக்குப் போனேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தவக்காலத்துக்கு முந்தின செவ்வாயன்று நம் ஊரில் வேஷம் கட்டி வீடு வீடாக வருவார்களே, போன வருஷம் கரடியும் தாடி வைத்த கல்யாணப்பெண்ணும் வந்தார்கள், உன் அப்பா சிரித்த சிரிப்பில் நாற்காலியே உடைந்தது. இந்த வருஷம் உன் தம்பி வெண்டலினும் தீயணைப்புப் படையில் அவனோடு இருக்கும் காஷ்பரும் சேர்ந்து புதிதாக ஒன்று செய்தார்கள். பழைய கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்து ஐந்து வருஷம் தாண்டிவிட்டதாம், இனிமேல் அதைப் பார்த்துச் சிரிக்கலாமாம். எங்கிருந்தோ தோல் கோட்டும் தொப்பியும் வாங்கி, முகமூடி மாட்டி, ரகசியப் போலீஸாகக் கிளம்பிவிட்டார்கள், பின்னால் அக்கார்டியன் வாசித்துக்கொண்டு ஒரு கூட்டம் வேறு. பக்கத்து வீட்டு கொர்னேலியா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாளாம். நம் வீட்டில் கதவைத் தட்டவில்லை, உதைத்துத் திறந்தார்கள். காஷ்பர் உன் அப்பாவைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டு, "தோழர் இம்ரிக்! பன்னி அடிச்சு அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டாம மறைச்சிருக்கீங்க. கிளம்புங்க!" என்று கத்தினான். நானும் சிரித்தேன் மகளே, சாமி மன்னிக்கட்டும், "முதல்ல காலைத் துடைச்சிட்டு வாங்கடா, தரையை இப்பத்தான் கழுவினேன்" என்றேன்.

உன் அப்பா சிரிக்கவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போனார், வேஷக்காரர்களுக்குக் கொடுக்கப் பன்றிக்கொழுப்பும் பிளம் சாராயமும் எடுத்துவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் நான் பார்த்தே இராத ஒரு சாம்பல்நிறத் துணிப்பையோடு வந்தார். கல்யாண மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார், நெற்றியில் முத்தமிட்டார், "போகலாம்" என்றார். அப்போதும் அந்தப் பையன்களுக்கு உறைக்கவில்லை. "அடேயப்பா, பெரியப்பா நம்மளைவிட நல்லா நடிக்கிறாருடா!" என்று ஒருவன் கைதட்டினான். அவர் பனியில் நடந்து வாசல் படலருகே போய், போலீஸ் வண்டி வரும் என்பதுபோல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டி நின்றார். கூப்பிட்டும் அவர் திரும்பாததைக் கண்டதும்தான் உன் தம்பி முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு, "அப்பா, நான்தாம்ப்பா, வெண்டலின்! விளையாட்டுப்பா!" என்று ஓடினான். உன் அப்பா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தார். "உன்னையும் சேர்த்துக்கிட்டாங்களா? சரி. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை விட்டுடுங்க" என்றார்.

அக்கார்டியன் நின்றுவிட்டது. கையைப் பிடித்து நான்தான் உள்ளே கூட்டிவந்தேன். அடுப்பருகே உட்கார்ந்து சூடு ஏறிய பிறகு, "கூத்துதானே, தெரியும்" என்று மெதுவாகச் சொல்லி சூப் கேட்டார். ஊருக்காக எண்ணெயில் பொரித்த ஷிஷ்கி உருண்டைகள் அப்படியே கோழிக்குப் போயின, அத்தனை மாவும் பாலும் வீண்.

பிறகு பையைத் திறந்து பார்த்தேன். சோப்பு, துண்டு, செபமாலை, காய்ந்த ரொட்டி, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. கூட்டுப்பண்ணைக்கு நிலத்தை எழுதிக் கொடுக்க மறுத்ததற்காக ஐம்பத்திரண்டில் உன் தாத்தாவை, அப்பாவைப் பெற்றவரை, காலுறைகூட மாட்டவிடாமல் இழுத்துப்போனதும், அவர் கால் விரல்கள் இல்லாமல் திரும்பி வந்ததும் உனக்குத் தெரியும். ஏதோ அந்தக் காலத்துப் பை என்றால் மனசு ஆறியிருக்கும். ஆனால் ஓதிலியா, அந்தக் காலுறைகள் போன கிறிஸ்துமஸுக்கு நான் பின்னியவை. ரொட்டி இந்தக் குளிர்காலத்தில் நான் சுட்டது. எண்பத்தொன்பது நவம்பரில் அந்த ஆட்சியை வழியனுப்ப ஊரே சாவிக்கொத்தைக் குலுக்கியபோது சதுக்கத்தில் நம்மோடு நின்று தானும் ஆட்டி அழுதாரே, அந்த மனுஷன்தான் வீட்டுக்கு வந்து, வருஷாவருஷம் இந்தப் பையில் புதுசு மாற்றி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். முட்டை ஒன்று குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள் நான், நாற்பது வருஷமாக ஒரே கட்டிலில் படுக்கிறேன், எனக்குத் தெரியாது.

கொர்னேலியா டவுன் டாக்டரிடம் காட்டு என்கிறாள். வெண்டலின் அன்றைக்குப் போனவன்தான், வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்தப் பையை எரித்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினான், எரித்தால்தான் எல்லாம் முடியுமாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, அடுப்பு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். எதற்குங்க இன்னும் இது என்று அவரையே கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும் அப்பலோனியா. அது இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது" என்றார். நான் எரிக்கவில்லை. துண்டைத் துவைத்துக் காயவைத்து, புது ரொட்டி வைத்து, அதோடு என் காலுறையையும் சால்வையையும் மடித்துச் சேர்த்து வைத்தேன். நேற்று அவர் திறந்து பார்த்தார். பிறகு பரணில் ஏறி, இதைவிடப் பெரிய பையாகப் பார்த்து எடுத்துவந்தார்.

வெண்டலினுக்கு நீ போன் செய். அப்பாவுக்குக் கோபம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட வரட்டும், கதவைத் தட்டிவிட்டு வரட்டும். அப்பாவிடம் பேசும்போது இதைப் பற்றி வாய் திறக்காதே, பிளம் மரங்களைக் கேள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி வேண்டாம், பிள்ளைகளுக்கும் பழக்கு. மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடும்,
உன் அம்மா அப்பலோனியா