ஆயா வேலைக்கு ஆள்

நெய்வேலி,
சனிக்கிழமை.

அன்பு மகள் எவாஞ்சலினுக்கு அம்மா எழுதுவது.

ஓர் ஆயா இல்லை என்பதற்காகவா நம் மழலையர் ஸ்கூலை மூடச் சொல்வார்கள் என்று போன வாரம் போனில் கேட்டாய். பக்கத்தில் புவனா டீச்சர் நின்றதால் அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். போனில் சொல்லக்கூடிய பதிலும் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். நானும் அப்பாவும் ஆண்டவர் தயவில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளை ஃபெலிக்ஸும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். அப்பா ரிடையராகி இத்தனை வருஷம் கழித்தும் ஷிப்ட் சங்கு கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், அதை விடு.

அனுமதி கொடுக்கும் ஆபீஸில் நம்மை வேண்டுமென்று அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதே. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, கேமரா எல்லாம் சரியாக இருக்கின்றன. உன் பேரில் இருக்கும் அனுமதியைப் புதுப்பிக்க, பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற டீச்சரையும் கூட ஓர் ஆயாவையும் காட்ட வேண்டும். அது வீண் சட்டம் இல்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். புவனா பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு பிள்ளை உடுப்பிலேயே போய்விடுகிறது, அதைக் கழுவிவிட அவள் தூக்கிக்கொண்டு போனால் மீதிப் பிள்ளைகளை யார் பார்ப்பது? கேட்டுக்கு வெளியே சுரங்க லாரி போகிற ரோடு. அதற்குத்தான் ஆயா. நம் விஜயகுமாரி பொங்கலோடு வேலையை விட்டு மகன் வீட்டுக்குப் போனதிலிருந்து அந்த இடம் காலி. காலி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

உனக்குத் தெரியும், நம் ஸ்கூல் இருப்பது சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வந்தவர்களின் காலனி. காற்று திரும்பினால் முற்றத்தில் கரித்தூள் படிந்துவிடும், விளையாடி முடித்த பிள்ளைகளின் கை அடுப்புக்கரி அள்ளின மாதிரி இருக்கும். விஜயகுமாரி போன பிறகு பிஸ்கட் நேரத்துக்கு முன்னால் நானே கழுவிவிடலாம் என்று போனேன், எல்லாப் பிள்ளைகளின் கையும் சுத்தமாக இருந்தது. புவனா செய்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். அவளோ நான் செய்தேன் என்று நினைத்திருக்கிறாள். மறுநாளும் அப்படியே. குழாய் பிள்ளைகளுக்கு எட்டாது, தாழ்வாக வைக்கச் சொல்லிப் போன ஆய்விலேயே சொன்னார்கள், நாம்தான் செய்யவில்லை. பிள்ளைகளைக் கேட்டால் ஆயா கழுவிவிட்டாங்க என்கிறார்கள். துண்டு எதுவும் அங்கே இல்லை, கை மட்டும் உலர்ந்திருக்கிறது. எதில் துடைத்தாங்க என்றால், சேலையில என்று சிரிக்கிறார்கள். ஒருநாள் நானே போய்க் குழாயடியில் நின்றேன். காலனியில் இருக்கும் சிலம்பரசனின் மகள், மூன்று வயதுதான், என் சேலையை இழுத்து, டீச்சர் தள்ளி நில்லுங்க, ஆயா நிக்கறாங்க இல்ல என்றாள். நான் தள்ளி நின்றுவிட்டேன், எவாஞ்சலின். ஏன் தள்ளி நின்றேன் என்று இப்போதும் தெரியவில்லை.

புதிதாக ஆள் தேடாமல் இல்லை. சுரங்கத்து ஒப்பந்தத் தொழிலாளி வீட்டு அம்மா பேச்சியம்மாள் வந்தார், கெட்டிக்காரி, வந்ததும் முற்றத்தைப் பெருக்கினார். மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே ஆள வச்சிக்கினு என்னை ஏன் டீச்சர் கூப்ட்டீங்க, அந்தம்மா என்னை ஒரு வேலையும் தொட வுட மாட்டேங்குதுங்க என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆவி, பேய் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை, வேலையில் போட்டி என்றுதான் சண்டை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை சிலம்பரசன் வாசலில் தயங்கி நின்றார். சிலம்பு இன்னும் நகத்தைக் கடிக்கிறானா என்று ஆயா கேட்கச் சொன்னார்கள் என மகள் வீட்டில் வந்து கேட்டிருக்கிறாள். சின்ன வயசுல எங்க ஊரு பால்வாடி ஆயாதான் டீச்சர் என்னை அப்படிக் கேக்கும், நான் நகம் கடிக்கிறது எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது, இப்ப அந்த ஊரே சுரங்கத்துல போயி இல்லையே என்றார். பிறகு மகளின் உள்ளங்கையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என் முன்னால் நீட்டினார். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவு வாசனை. நாம் கொடுப்பது பிஸ்கட் மட்டும்தானே. இனிமேல் பிள்ளையை அனுப்ப மாட்டார் என்று நினைத்தேன், மறுநாள் எல்லோருக்கும் முன்னால் கொண்டுவந்து விட்டார், தலை வாரி, நகம் வெட்டி.

வியாழக்கிழமை ஆய்வுக்கு வந்த அம்மாள் பிள்ளைகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்க ஆயா நல்லா பாத்துக்கறாங்க மேடம், பிள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்லுது, அவங்க பேரு, ஆதாரு, மருத்துவச் சான்று மட்டும் மாசக் கடைசிக்குள்ள குடுத்துடுங்க, அனுமதி வந்துடும் என்று சொல்லிப் போனார். நானும் சரி என்று கேட் வரை கூடப் போய் வழியனுப்பினேன். செய்தி கேட்ட பேச்சியம்மாள், எம்பேர எழுதிக்கோங்க டீச்சர், ஆனா நான் அங்க வரமாட்டேன் என்கிறார். பொய்ப் பேர் எழுத எனக்குக் கை வராது. எழுதாவிட்டால் மூட வேண்டியதுதான், மூடினால் இந்தப் பிள்ளைகளை ரோட்டோரத்தில் விட்டுவிட்டுத்தான் அம்மாக்கள் வேலைக்குப் போவார்கள். பிள்ளைகளிடம் நாளையிலிருந்து ஸ்கூல் இல்லை என்று நான் சொல்லிவிடுவேன். ஆயாவிடம் யார் சொல்வது?

அனுமதி உன் பேரில் இருப்பதால் நீதான் முடிவு சொல்ல வேண்டும், ஆனால் என் பேச்சை மட்டும் கேட்டு முடிவு செய்யாதே. மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் நிழலில் வைத்துக்கொள்ளட்டும். இரத்தம் ஊறும் மாத்திரையை மறக்காதே. நம் ஸ்கூல் கேமராவை மாப்பிள்ளை உன் போனில் பார்க்க வைத்துக்கொடுத்தாரே, திங்கட்கிழமை நம் ஊர் நேரம் பதினொரு மணிக்கு, பிள்ளைகள் பிஸ்கட்டுக்குக் கை கழுவும்போது, அதைத் திறந்து குழாயடியைப் பார். நான் வாசற்படியைவிட்டு இறங்க மாட்டேன், புவனாவையும் இறங்க விடமாட்டேன். கை நீட்டும்போது பிள்ளைகள் எவ்வளவு உயரத்துக்கு முகத்தை நிமிர்த்துகிறார்கள் என்று மட்டும் பார்த்து எனக்குச் சொல்.

உன் அம்மா,
மரியபுஷ்பம்