கோரைக்கு நடுவே நின்றேன், மாமா

சண்டை போட்ட நாளிலும் என்னை விட்டுச் சாப்பிடாத என் மாமாவுக்கு,

நான் இப்போது வாய்க்காலில் வேலை செய்கிறேன், கூலி இல்லாமல். சிதம்பரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற காலேஜ் பெண்களோடு, நம் குமராட்சிப் பக்கத்துப் பொம்பளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஆகாயத்தாமரையை அள்ளிப் போடுகிறோம். நாட்டு மீன் பிழைக்கட்டும் என்று.

முதல் நாள் ஒரு கூத்து. நூறு நாள் வேலைப் பழக்கத்தில் கரையோரக் கோரையையும் சேர்த்து, வெறும் மண் தெரிகிற மாதிரி வழித்துவிட்டோம். "அக்கா, விரால் குஞ்சு பொரிக்கிற எடமே அதுதான்" என்று ஒரு பெண் தலையில் கை வைத்தாள். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? அளவு எடுக்க வருவாங்கன்னு சுத்தமா செரைச்சிட்டோம்" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வி. மறுவாரமே வேறு இடத்திலிருந்து கோரை பிடுங்கி வந்து நட்டோம். இப்போது இடுப்புயரம். விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வந்து மூச்சு எடுக்கின்றன. தாய் அடியிலேயே சுற்றுகிறது.

போன வாரம் உன் தம்பி அங்கே ஒயரோடு வந்தான், கம்பத்தில் கொக்கி போட்டுத் தண்ணீரில் கரண்டு விட்டு மீன் பிடிக்க. நான் கோரைக்கு நடுவே இறங்கி நின்றேன்.

"மேல வா அண்ணி. வெளையாடாத."

"போடு கரண்ட. பாக்கலாம்."

"எங்கண்ணன் புடிச்சாந்தப்ப கொழம்பு வச்சியே, அப்ப குஞ்சு பாவம்னு தெரியலையா?"

கரையில் நின்ற ஆம்பளைகள் சிரித்தார்கள். அவன் சொன்னது உண்மைதான், மாமா. வைத்தேன்தான். தின்றேன்தான்.

நீ கால் வழுக்கி வாய்க்காலில் விழுந்து செத்தாய் என்றுதானே ஊருக்குச் சொன்னோம். அன்றைக்கு ஒயரைச் சுருட்டி மறைத்தவன் உன் தம்பி. உன் பேர் கெடக் கூடாது என்று நானும் ஆமாம் போட்டேன். இப்போது அவன் கையில் இருந்தது அதே ஒயர்தானோ?

தண்ணீரில் நின்றபடியே சொன்னேன்: "உங்கண்ணன் வழுக்கி வுழல. இந்த வாய்க்கால்ல கரண்டு வச்சு, அதுலதான் செத்தாரு. நானும் சேந்துதான் பொய் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. உன் தம்பி ஒயரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்றுவரை என்னோடு பேசவில்லை. உன் அம்மா, "செத்தவன அசிங்கப்படுத்திட்டாளே" என்று வாசலில் உட்கார்ந்து ஏசுகிறார்கள். ஏசட்டும். அவர்களுக்கு மிச்சம் இருக்கிற ஒரே பிள்ளையை நினைத்தும்தான் நான் வாயைத் திறந்தேன். அது எப்போது புரியும்?

உனக்கும் கோபமா? இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கும் உன்மேல் கோபம் தீரவில்லை.

கொள்ளிடத்துப் புதுத்தண்ணீர் வந்ததும் இன்னும் நாலு பேர் ஒயரோடு வருவார்கள். ஒவ்வொருவனிடமும் நீ செத்த விதத்தைச் சொல்லுவேன். திட்டினாலும் சரி, சொந்தம் விட்டுப் போனாலும் சரி. நான் கரை ஏற மாட்டேன், மாமா.

இனி வாய் மூடாத உன் பெண்டாட்டி,
அஞ்சலை