எல்லோருக்கும் அக்காவாக இருந்தவளுக்கு

இன்று காலை நர்ஸம்மா என் விரலைப் பஞ்சால் துடைத்தபோது ஸ்பிரிட் வாசனை வந்தது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சின்ன மிஷினைப் பார்த்து ஏதோ எண் சொன்னார். என் காதில் விழவில்லை. அந்த வாசனையோடு நீ வந்து உட்கார்ந்துவிட்டாய்.

தொண்ணூறுகளில் நமக்கு ஏது மிஷின்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குத் தறி நிற்கும். அதனால் அப்போதைய நர்ஸம்மா நம் தெருவில் சர்க்கரை வந்த பெண்கள் ஒன்பது பேரை ஒரு குழுவாகச் சேர்த்துவிட்டார். சனிக்கிழமை மதியம் சர்ச் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூடுவோம். ஸ்பிரிட் விளக்கில் நீல மருந்தைச் சூடாக்கி, அவரவர் சிறுநீரைச் சொட்டு விட்டுப் பார்ப்போம். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் என்று நிறம் ஏற ஏறக் கவலை.

பத்தாவது படித்தவள் நான் ஒருத்திதான். எழுதும் நோட்டு என் கையில் இருந்தது. தலைவி நான்தான் என்று எனக்குள் ஒரு முடிவு. நீ நூல் சுற்றப் போகிறவள், கையெழுத்துகூடப் போடத் தெரியாது. ஆனால் இரண்டாவது வாரமே மடியிலிருந்து பட்டு நூல் துண்டுகளை எடுத்தாய். யாருக்கு என்ன நிறம் வந்ததோ, அந்த நிற நூலை ஆளுக்கொரு கயிற்றில் முடிந்து கொடுத்தாய். வீட்டில் மாட்டிவைத்து, போன வாரத்தையும் இந்த வாரத்தையும் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். அதற்குப் பிறகு யாரும் என் நோட்டைக் கேட்கவில்லை.

எல்லோரும் உன்னை அக்கா என்றார்கள். நம் இருவருக்கும் ஒரே வயது. நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். சாயங்காலம் கோட்டை மைதானத்தில் நடக்கப் போனால் உன் பக்கத்தில் நடக்கப் போட்டி. நான் எட்டி வருவதற்குள் யாராவது உன் கையைப் பிடித்திருப்பார்கள். உன் பக்கத்து வீட்டுக்காரி நான். உன்னை முதலில் தெரிந்தவள் நான். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்த பிறகு நீ ஜாங்கிரி தின்றதைப் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தேன்.

நீ தலை குனியவில்லை. “ஆமா, ரெண்டு துன்னேன். மனசு கேக்கல. நீங்கல்லாம் இந்த வாரம் இன்னா துன்னீங்க, சொல்லுங்க” என்றாய்.

பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்தி பாயசம் குடித்திருந்தாள். ஒருத்தி மாத்திரையை நிறுத்தியே ஒரு மாசம் ஆகியிருந்தது. அதுவரை அந்த வராந்தாவில் யாரும் நிஜம் பேசியதில்லை. உன்னை இறக்கப் போய் ஏற்றிவைத்துவிட்டேன். நான் மட்டும் எதையும் சொல்லாமல் எழுந்து வந்தேன். அப்புறம் வரவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான் தறி மிதிக்கும் என் காலில், விரலுக்கு அடியில் புண் வந்தது. வலிக்காததால் துணி சுற்றி மறைத்தேன். ஒரு நாள் நீ வாசலில் வந்து நின்றாய்.

“மூணு நாளா சாஞ்சி நடந்துகினு இருக்கற. காலக் காட்டு.”

கீழே உட்கார்ந்து துணியைப் பிரித்தாய். திட்டவில்லை. அன்றே வேலூர் பஸ் ஏற்றினாய். ஒரு விரல் போயிற்று, பாதம் தப்பியது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் என்னோடு இருந்தாய். மூன்றாம் நாளே பக்கத்துக் கட்டில்காரிகளும் உன்னை அக்கா என்றார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து உன் சிறுநீரகம் கெட்டது. நீ போன அன்று நாலைந்து தெருப் பெண்கள் வந்திருந்தார்கள். “என்கிட்டதானே எல்லாத்தையும் சொல்லுவ” என்று ஒருத்தி அழுதாள். உன் தலைமாட்டில் இருந்த நான் அவளை முறைத்தேன். அப்போதும் பொறாமை. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

நீ போன பிறகுதான் மறுபடி குழுவுக்கு வந்தேன். இப்போது அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். “அக்கா இருந்தா...” என்று யாராவது ஆரம்பித்தால் இன்னும் சுருக்கென்கிறது.

போன வாரம் நடக்கும்போது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பின்தங்கினாள். பவர்லூமில் வேலை செய்கிறவள். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீங்க மத்தவங்ககூடவேதான் பேசிகினு வர்றீங்க” என்றாள்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். வருஷக்கணக்கில் நான் வைத்துக்கொண்டு திரிந்த முகம். இவ்வளவு பளிச்சென்று தெரிகிறதே, நீ எப்படிப் பார்க்காமல் இருந்திருப்பாய்? உனக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

மற்றவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவளோடு மட்டும் இன்னொரு சுற்று நடந்தேன்.