முத்தீவுக் கலத்தின் முதல் இருக்கை

நலம் நிலைக்க. நீலாற்று நாட்டின் திருமூழியில், கடிகை என்று பெயர் பெற்ற கல்விப் பேரவையின் மருத நிழல் மண்டபத்தில், இவ்வோலை எழுதப்பட்டபோது உடனிருந்தோர்: கடிகையின் மூத்த ஆசிரியர் வடுகந்தையார், ஏழில்மனைக் குடியின் முதியவரும் கடிகையின் பொருட்காவலருமான கொற்றம்பியார், அவர் பேத்தியும் கடிகை மாணாக்கியுமான எயினி, தங்கள் ஓலையைச் சுமந்து வந்த தூதர் பொன்னந்தை, நாம் சொல்லச் சொல்ல எழுதிய பூதன். எம் மகள் வயிற்றுப் பேரனாயினும் எம் மனையில் வளர்ந்து எம் குடிப்பெயர் பூண்ட சேந்தன் வாயிலருகே நின்றான். அமரச் சொன்னோம், அமரவில்லை.

கடிகைக்கு நிலமும் நீரும் ஈந்து நிறுவிய விளக்குடையார் குடியின் மூத்தோனும், அரசர் பெருமானின் ஆணையால் அக்கடிகையின் தலைமை தாங்குவோனுமாகிய அந்துவன் பேரரையன் எழுதியது. கீழ்க்கடல் காக்கும் கரைநாட்டின் அரையரும், எம் மகள் நல்லினியின் கொழுநரும், ஆதலின் எமக்கு மருகருமாகிய கடம்பன் ஆளியார் காண்க. தங்கள் துறைகளில் கலங்கள் குறைவின்றி வந்து சேர்க. தங்கள் உப்பளங்களில் மழை காலம் தவறிப் பெய்யாதிருக்க. தங்கள் மனையும் படையும் மக்களும் இனிது வாழ்க.

தங்கள் ஓலை இரண்டு பொருள் பற்றிக் கேட்டது. வரும் பருவத்தில் கடிகையில் மாணாக்கர்க்கு என்னென்ன கூட்டங்களும் வாய்ப்புகளும் உள்ளன, கரைநாட்டு இளையோரை எப்போது அனுப்பலாம் என்பது ஒன்று. சேந்தன் இழந்த இருக்கையை அவனுக்கு மீட்டுத் தர வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது பலருக்கு உரியது, பின்னது ஒருவனுக்கு உரியது. ஆகையால் பலருக்கு உரியதை முதலில் சொல்கிறோம்.

ஆவணி வளர்பிறையில் பட்டிமண்டபம் கூடும். நாட்டை ஆறு காக்கிறதா, ஆற்றை நாடு காக்கிறதா என்பது இவ்வாண்டின் வாது. மலைநாட்டிலிருந்தும் வாதிகள் வருவதாக ஒப்பியுள்ளனர். கடிகையில் சேராத இளையோரும் எழுந்து பேசலாம். சென்ற ஆண்டு தங்கள் நாட்டு இளைஞர் ஒருவர் அலைக்கு மேலாகப் பேசிப் பழகிய குரலில் பேசி மண்டபத்துப் புறாக்களை எல்லாம் வெளியேற்றினார். அவர் பேச்சில் பொருள் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். அவர் மீண்டும் வரலாம். சற்றுத் தணிந்து பேசுக.

மருத்துவச் சாலையார் காட்டு மருந்தர்களோடு ஒரு பருவம் தங்கி வேரும் பட்டையும் பயில விரும்புவோரைக் கேட்கின்றனர். குருதி கண்டு மயங்குவோர் இதற்கு வர வேண்டா. மயங்கி விழுவோரைத் தூக்குவதிலேயே மற்றவர் கல்வி கழிகிறது. சுவடிச் சாலையில் கூரை ஒழுகி நனைந்த ஏடுகளைப் படியெடுக்க எழுத்துத் தெளிந்தவர்கள் வேண்டும். அவர்களுக்கு உணவும் உறையுளும் கடிகை அளிக்கும். மனையில் வசதி குறைந்தோர் இப்பணியை நாணாமல் கேட்கலாம். கேட்டவர் பெயரை நாம் எங்கும் சொல்வதில்லை. பெருங்குளத்தில் ஓடப் போட்டியும் உண்டு. அதைப் பற்றி நாம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இளையோர் தாமாகவே அறிவர்.

புரட்டாசியில், இதற்கு முன் இல்லாத ஒன்றாக, தொழில் முதல்வர் கூட்டம் நடைபெறும். கலம் கட்டுவோரும் வணிகச் சாத்தின் தலைவரும் அரசரின் பண்டசாலையாரும் மருத மரங்களின் கீழ் வந்து அமர்வர் என்றும், கல்வி முடிக்கும் நிலையில் உள்ளோர் ஒவ்வொருவரிடமும் சென்று தம் திறம் கூறிப் பணி கேட்பர் என்றும் முதலில் திட்டம் செய்தனர். நாம் மறுத்தோம். கடிகை மாணாக்கர் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கப்படும் காளைகள் அல்லர் என்று அவையில் உரைத்தோம். அதற்குக் கொற்றம்பியார், ‘பல் இருக்கும்போதே பார்க்கட்டும் பேரரையரே, உமக்கும் எனக்கும் இனி யார் வந்து பார்க்கப் போகிறார்?’ என்றார். அவை சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. முடிவில், மாணாக்கர் அமர்ந்திருக்க முதல்வர்கள் எழுந்து வந்து பேசுவது என்ற முறைக்கு உடன்பட்டோம். அம்முறையில் கூட்டம் நடக்கும். கரைநாட்டுக் கலம் கட்டுவோரையும் தாங்கள் அனுப்பினால் அவர்க்கும் இடம் உண்டு.

இனி இரண்டாவது பொருள்.

முத்தீவின் மன்னர் தம் அவையில் மூன்று ஆண்டு தங்கி, அவர் நாட்டு வான்கணக்கைக் கற்று, நம் நாட்டு நீர்க்கணக்கைக் கற்பிக்க மூன்று மாணாக்கரைக் கேட்டு எழுதினார். தைப் பிறப்புக்குப் பின் கலம் புறப்படும். கடிகையிலிருந்து கடல் கடந்து தூது செல்லும் கலத்தில் முதல் இருக்கை விளக்குடையார் குடிக்கு உரியது என்றும், அக்குடியில் பயில்வோர் இருப்பின் அவரைத் தேர்வு செய்யாமலே அனுப்ப வேண்டும் என்றும், கடிகை நிறுவிய நாளில் அரசாணை பிறந்தது. அதன்படி எம் தந்தையார் சென்றார். நாம் சென்றோம். இம்முறை சேந்தன் செல்ல வேண்டியிருந்தது. முத்தீவின் மொழியை அவனளவு அறிந்தவர் கடிகையில் ஆசிரியருள்ளும் இல்லை.

நடந்ததைத் தங்களுக்குப் பிறர் வேறு வேறாகச் சொல்லியிருப்பர். நடந்தது இது. தேர்வுக்கு முந்திய நாள் உணவுக்கூடத்தில் எயினி சேந்தனிடம், ‘உனக்குத்தான் தேர்வே இல்லையே, பிறகு ஏன் விடிய விடியப் படிக்கிறாய்? போய்த் தூங்கு. உன் முப்பாட்டன் உனக்காகப் படித்து முடித்துவிட்டார்’ என்று சொன்னாள். அருகிருந்தோர் நகைத்தனர். இதை எயினி இப்போது எம் முன்னிலையிலும் மறுக்கவில்லை. மறுநாள் அவை கூடியபோது சேந்தன் எழுந்து, முதல் இருக்கைக்கான உரிமையைத் தான் விடுவதாகவும் மற்றவரைப் போலத் தேர்வுக்கு நிற்பதாகவும் உரைத்தான். எம்மைக் கேளாமல் உரைத்தான். ஆயினும் அவை விளக்கின் முன் நின்று உரைத்தான்; அங்குச் சொன்ன சொல்லை எவரும் திரும்பப் பெறுவதில்லை.

தேர்வின் முறை இது. ஆசிரியர் வடுகந்தையார் முத்தீவு மன்னராக மேடையில் அமர்வார். மாணாக்கர் ஒவ்வொருவராகத் தூதரைப் போல் உள்ளே வந்து, நாழிகை வட்டில் நீரில் அமிழும் முன்னர், தாம் வந்த காரியத்தை அம்மன்னரின் மொழியில் சொல்லி முடிக்க வேண்டும். எயினி வந்தாள், வணங்கினாள், தீவில் மழை எப்படி என்று கேட்டாள், காரியத்தைச் சொன்னாள். அவள் மொழியில் பிழைகள் இருந்தன. அடுத்துச் சேந்தன் வந்தான்.

விளக்குடையார் குடியினர் தம் அரசரைத் தவிர வேறு எவரையும் முதலில் வணங்குவதில்லை. எதிரில் இருப்பவர் எழுந்தால் நாம் வணங்குவோம். இது தாங்கள் எம் மனைக்கு மணமகனாக வந்த அன்றே அறிந்தது. சேந்தன் மேடையின் முன் வந்து நிமிர்ந்து நின்றான். மன்னர் எழுவதற்காகக் காத்திருந்தான். வடுகந்தையாரோ, முத்தீவு மன்னர் தூதருக்கு எழுவதில்லை என்பதை அறிந்தவராதலின், தூதர் வணங்குவதற்காகக் காத்திருந்தார். இருவரும் காத்திருந்தனர். பின்வரிசையில் ஒருவன், ‘மன்னர் உறங்கிவிட்டாரா, தூதர் மரமாகிவிட்டாரா?’ என்றான். மற்றொருவன், ‘பேசாதே, போர் மூண்டுவிடும்’ என்றான். அவர்களை அடக்கினோம். வட்டில் அமிழ்ந்தது. சேந்தன் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிச் சென்றான்.

கொற்றம்பியார் அப்போது எம் பக்கம் திரும்பி, ‘என்ன பேரரையரே, விளக்கு வீட்டில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடா?’ என்று கேட்டார். எம் குடியோடு நூறாண்டு வழக்குள்ள குடியிலிருந்து வந்த கேள்வியாதலின், அடுத்த மாணாக்கரை அழைக்கச் சொன்னோம். தேர்வின் முடிவில் எயினி முதலாவதாக வந்தாள்; மற்ற இரண்டு இருக்கைகளையும் வேறு இருவர் பெற்றனர்.

தங்கள் ஓலையின் கூற்றுகளுக்கு வருவோம். உரிமை குடிக்கு உரியது, அதை விட இளையோன் ஒருவனுக்கு அதிகாரம் இல்லை என்கிறீர்கள். குடியின் பெயரால் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் அவனுக்கு இருந்ததாயின் விடும் அதிகாரமும் இருந்தது. பெறும்போது பெரியவனாகவும் விடும்போது சிறியவனாகவும் ஒருவனைக் கொள்வதற்கு எமக்கு நெறி தெரியவில்லை. வடுகந்தையார் அவனை அவமதித்தார் என்கிறீர்கள். அவர் முத்தீவு மன்னர் செய்வதையே செய்தார். அம்மன்னரின் தந்தை எமக்கும் எழவில்லை. நாம் சென்ற தூது எவ்வாறு முடிந்தது என்பது அரசரின் ஏடுகளில் உள்ளது. பாட்டனார் கற்பித்ததைத்தானே பேரன் செய்தான் என்று எம் மகள் கேட்கச் சொன்னதாகப் பொன்னந்தை உரைத்தார். அது உண்மை. அவன் நின்ற நிலையில் நாம் குறை காணவில்லை. தூதில் குறை இருந்தது. தேர்வு தூதுக்கு நடந்தது.

எம் கையிலுள்ள முத்திரையால் இதை மாற்றலாம் என்று தாங்கள் எழுதியிருப்பதும் உண்மை. மாற்றலாம். அவையில் விட்டதை அறையில் வாங்கிக்கொண்ட குடி என்ற பெயர் அதன்பின் எமக்கு வரும். அப்பெயரோடு கலத்தில் அமர்வதைக் காட்டிலும் கரையில் நிற்பது எம் குடிக்குத் தகும்.

நேற்று மாலை கொற்றம்பியார் தாமே எம் மனைக்கு வந்தார். அவர் வந்தது இதுவே முதல் முறை. ‘பேரரையரே, முகம் வாடியிருக்கிறீர். என் பேத்தி அடுத்த கலத்தில் போகட்டும். இம்முறை பிள்ளையை அனுப்பும்’ என்றார். நாம் விடை சொல்லும் முன்னரே அவருடன் வந்த எயினி, ‘தாத்தா, நீங்கள் வேண்டுமானால் உங்கள் ஊன்றுகோலை அவருக்குக் கொடுங்கள். என் இடத்தை ஏன் கொடுக்கிறீர்கள்?’ என்றாள். கொற்றம்பியார் வாய் மூடினார். அவர் வாய் மூடியதையும் நாம் முதல் முறையாகக் கண்டோம். அவள் சொல் நேரியது. அதை எம் சொல்லாகவும் கொள்க.

ஆகவே முதல் இருக்கை எயினிக்கு உரியது. அவ்விருக்கைக்கு உரிய தூதுக்கோலை விளக்குடையார் குடியின் மூத்தோன் கையால் அளிக்க வேண்டும் என்பது அதே அரசாணை. கலம் புறப்படும் நாளில் துறைமுகத்தில், ஏழில்மனைக் குடியினர் அனைவரும் காண, நாமே அதை அளிப்போம். எழுந்து நின்று அளிப்போம்.

சேந்தனின் பொருட்டு இது. கரைநாட்டு ஏரிகளின் மதகுகளை அளந்து பழுது குறிக்கும் பணிக்கு மாணாக்கர் குழு ஒன்று கார்த்திகையில் புறப்படுகிறது. அதற்கு எவரும் பெயர் தரலாம்; தங்கள் நாட்டு இளையோரும் சேரலாம். சேந்தன் பெயர் தந்துள்ளான். குழுவினர் ஒவ்வோர் ஊரிலும் நுழையும்போது ஊராரைத் தாமே முதலில் வணங்கி, ஏரிக்கரையில் கால் வைக்க ஒப்புதல் கேட்க வேண்டும் என்பது அப்பணியின் முறை. இதை அவனிடம் நாமே படித்துக் காட்டினோம், அவன் அறியாமல் ஒப்பினான் என்று பின்னர் எவரும் சொல்லாதிருக்க. ‘எத்தனை ஊர், பாட்டனாரே?’ என்று கேட்டான். நூறுக்கு மேல் என்றோம். ‘பழகிவிடும்’ என்றான்.

அக்குழு தங்கள் கோட்டை வழியே வரும். பல்லக்கோ குதிரையோ எதிர் அனுப்ப வேண்டா. எல்லார்க்கும் இடும் சோறு அவனுக்கும் இடுக. அவன் தங்களை முதலில் வணங்குவான். மகன் என்பதால் அன்று, பணியின் முறை என்பதால்.

கடிகைக்கு வர விரும்பும் கரைநாட்டு இளையோர் ஆடி முடியும் முன்னர் வந்து பெயர் பதிக. மகளிர்க்கும் உறையுள் தனியே உண்டு. மாற்றாடையும் எழுத்தாணியும் கொண்டு வருக. பணியாளரைக் கொண்டு வர வேண்டா. இவ்வோலையின் முற்பகுதியை ஊர்தோறும் பறையறைந்து அறிவிக்க. பிற்பகுதியை எம் மகளுக்குத் தாங்களே படித்துக் காட்டுக. இவ்வாறு செய்வது கடமை. செய்யத் தவறினால் கடிகையின் கதவு தவறியவர்க்குத் திறவாது. விளக்கு முத்திரை இட்டு, பூதன் எழுத்து என்று ஒப்பிட்டு, பொன்னந்தை கையில் தந்தோம். அரசர் வாழ்க. ஆறு வற்றாதொழிக.

முத்திரை காயும் முன்னர்ப் பொன்னந்தை ஒரு செய்தி சொன்னபடியால் இவ்வரிகளைச் சேர்க்கிறோம். இருக்கை இழந்த நாணத்தால் சேந்தன் தலை மழித்துத் துறவு பூண்டான் என்று உப்பு வணிகர் கரைநாடு முழுதும் பேசுவதாகவும், அதைக் கேட்டு எம் மகள் மூன்று நாளாக உண்ணவில்லை என்றும் அறிந்தோம். சேந்தன் துறவு பூணவில்லை. ஆண் மாணாக்கர் விடுதியில் பேன் பரவியது. மருத்துவச் சாலையார் சொல்லின்படி அங்குள்ள அனைவரும் தலை மழித்துக்கொண்டனர். விளக்குடையார் குடியில் இதற்கு முன் எவர்க்கும் பேன் இருந்ததில்லை. சேந்தனுக்கு இருந்தது. நல்லினி உண்க.