கடைசி வரிசை ஜன்னல்

என் மேல் கோபத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி. நேற்றிலிருந்து போன் அடித்து அடித்து எனக்கே அலுத்துவிட்டது, நீ எடுப்பதாக இல்லை. அதனால்தான் பரீட்சை எழுதுகிறவள் மாதிரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் கம்பெனி விமானப் பணிப்பெண் ஒருத்தி மத்தியானம் அங்கே வருகிறாள். அவள் வீடு நீ இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவாம். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, பாவம்.

பிள்ளை பெற்ற உடம்பு எப்படி இருக்கிறது? தையல் போட்ட இடம் வலிக்கிறதா? இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை வைத்து அழுத்திக்கொண்டு இருமு. மாடிவீட்டு அக்காவை ராத்திரியும் கூடவே படுத்துக்கொள்ளச் சொல், வெட்கப்படாதே. கப்பலில் இருக்கும் மாப்பிள்ளைக்குத் தகவல் சொல்ல ஏற்பாடு செய்துவிட்டேன். அம்மா இல்லாத நமக்கு இதையெல்லாம் சொல்ல நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியும் வந்து சேரவில்லையே என்று நீ முணுமுணுப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது.

"ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்ப நீ கதவுகிட்ட நிக்கணும்க்கா, வேற ஒண்ணும் வேணாம்" என்று கேட்டாய். நிற்கிறேன் என்றேன். நிற்கவில்லை. ஏன் என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன் இஷ்டம்.

முந்தாநாள் சாயங்காலம் டூட்டி முடிந்ததும் உடை மாற்றக்கூட நேரமில்லாமல் சீருடையோடு ஓடினேன். ஸ்டாஃப் டிக்கெட்டின் லட்சணம் உனக்குத் தெரியுமே. காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு மிச்சம் மீதி இருந்தால் நமக்கு. கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஓரமா நில்லுங்க" என்றாள். காலையில் ஒரு விமானத்தையே கொண்டுவந்து இறக்கியவள், சாயங்காலம் குப்பைத்தொட்டி பக்கத்தில் ஓரமாக நின்றேன். கடைசியில் போனால் போகிறது என்று ஓர் இடம் கொடுத்தார்கள். கடைசி வரிசை, ஜன்னலோரம், முதுகுக்குப் பின்னால் கழிவறை, சாயவே சாயாத சீட்.

நாற்றம் குடலைப் பிடுங்கியது. முன்சீட்டின் முதுகில் இருந்த பைக்குள் கையை விட்டால், யாரோ மென்று துப்பிய பபிள்கம் விரலில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து சீட்டில் இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர். உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். அப்புறம் ஒரு காலைத் தூக்கி மறுகால் மேல் போட்டுக்கொண்டு நகவெட்டியை எடுத்தாரே பார்க்கலாம்! ஒரு துண்டு நகம் பறந்து வந்து என் மடியில் விழுந்தது. சீ! இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

சீருடையைப் பார்த்ததும் ஆளாளுக்கு என்னைப் பணிப்பெண் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "ஏம்மா, தண்ணி கொண்டா." "இந்தப் பையைக் கொஞ்சம் மேல தூக்கி வையி." பணிப்பெண் வேலை ஒன்றும் இளப்பமில்லை, அந்தப் பிள்ளைகள் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் தோளில் நாலு கோடு போட்டவள் விமானம் ஓட்டுகிறவள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! நகவெட்டிக்காரரிடம் நான் விமானி என்று சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓஹோ, உங்களையெல்லாம்கூட ஓட்ட விடறாங்களா?" என்றார். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன். இலவச டிக்கெட்டில் வந்தவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் புகார் போகும், அடுத்த தடவை டிக்கெட்டே கிடையாது. பையை மேலே ஏற்றி வைத்தேன்.

பயணியாக உட்கார்ந்தால் நான் எவ்வளவு மோசம் என்று நீ கேலி செய்வாய். உண்மைதான். விமானம் வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடித் தரையை அழுத்துகிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் காது விடைத்துக்கொள்கிறது. சுற்றி இருப்பவர்களோ, பணிப்பெண் தொண்டை வறளக் கத்தினாலும் பெல்ட்டைப் போடுவதில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து நின்று பெட்டியை இழுக்கிறவர்கள் இவர்கள்தான். முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும்போது இதெல்லாம் கண்ணில் படாது. இவர்களையா இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

எஞ்சின் ஓட ஆரம்பித்து விமானம் மெல்ல நகர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உன் வீடு, காலையில் உன்னோடு ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டே வெளியே பார்த்தேன். கடைசி வரிசையிலிருந்து இறக்கையின் பின்பக்கம் நன்றாகத் தெரியும். ஏறும்போதும் இறங்கும்போதும் எங்களுக்குக் கை கொடுப்பவை அங்கே இருக்கும் தகடுகள்தான். குழாயில் ஓடும் எண்ணெயின் அழுத்தத்தில்தான் அவை அசையும். தகடு கீழே இறங்கியதும் அதன் இடுக்கிலிருந்து ஓர் ஈரக்கோடு வழிந்தது. மழை பெய்யவில்லை, மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. கோடு நின்றது. மறுபடி வழிந்தது.

எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பின்னால் உட்கார்ந்து வரும் விமானி, முன்னால் ஓட்டுகிறவருக்குப் பாடம் எடுக்கக் கூடாது. அன்றைக்கு ஓட்டியவருக்கு எங்கள் கம்பெனியில் இடி என்று பட்டப்பெயர். சும்மாவே எரிந்து விழுவார். அதை விடு, அவருக்கு நான் பயப்படவில்லை. வாயைத் திறந்தால் விமானம் திரும்பும், உன் கதவுக்கு நான் வந்து சேரமாட்டேன், அதற்குத்தான் பயந்தேன். கொஞ்சம் கசிந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவும் உண்டு. இது அந்த அளவுக்குள் இருந்தாலும் இருக்கலாம்.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். ஜன்னல் மூடியைக் கீழே இழுத்துவிட்டேன். புறப்படும்போது திறந்து வையுங்கள் என்று பயணிகளிடம் தலைதலையாய் அடித்துக்கொள்வோமே, அதே மூடியை. கண்ணையும் மூடிக்கொண்டேன். ஒரு சின்ன விளக்கு எரியவில்லை என்றாலும் விமானத்தை நகர்த்தாதவள் நான். உனக்காக அப்படி உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒன்று தோன்றியது. கொஞ்ச நாள் கழித்து நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க விமானம் ஏறுவாய். அன்றைக்குக் கடைசி வரிசையில் எவளோ ஒருத்திக்குத் தலைபோகிற அவசரம் இருக்கும், அவளும் மூடியை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். மூடியைத் தூக்கினேன். கோடு பட்டையாக அகலமாகியிருந்தது.

மணியை அழுத்தினேன். பின்னால் இருந்த பணிப்பெண் சின்னப்பெண். இறக்கையைக் காட்டி, கேப்டனிடம் உடனே போனில் சொல் என்றேன். "மேடம், கேப்டன் என்னைக் கொன்னுடுவார்" என்றாள். நான் சொன்னேன் என்று சொல், என்னைக் கொல்லட்டும் என்றேன். "பின்னாடி உக்காந்து என் வண்டியை ஓட்டறது யாரு?" என்று போனிலேயே இடித்தாராம். ஆனாலும் திருப்பினார். அந்த வரைக்கும் மனிதர்.

பொறியாளர் வந்து ஈரத்தைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். "போயிருந்தா போய்ச் சேர்ந்திருந்தாலும் சேர்ந்திருக்கும், சொல்ல முடியாதுங்க. உள்ள ரப்பர் வளையம் போயிடுச்சு, மாத்தாம விடமாட்டேன்" என்றார். அதை மாற்றி முடிப்பதற்குள், சட்டப்படி இடி ஓட்டக்கூடிய டூட்டி நேரம் தீர்ந்துவிட்டது. வேறு விமானி கிடைக்கவில்லை. விமானம் ரத்து.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் குமட்டுகிறது. நகவெட்டிக்காரர் எழுந்து நின்று என்னைக் கைகாட்டி, "இவங்கதான் வேலையைக் காட்டினது" என்றார். எல்லாரும் என் மேல் பாய்ந்தார்கள். "நீதான் பைலட்டாச்சே, நீயே ஓட்டேன்!" என்று ஒருவர் கத்த, ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தண்ணீர் கேட்ட அதே வாய்கள். என் டூட்டி நேரமும் முடிந்துவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? இடி என்னைத் தாண்டிப் போகும்போது, "நானே பார்த்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அவர் சீட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாலும் அந்த இடம் தெரியாது. நன்றி என்று ஒரு வார்த்தை? மூச்! தூ, என்ன ஜென்மங்களோ!

காலை விமானங்களில் அந்தக் கூட்டத்தையே ஏற்றினார்கள், ஸ்டாஃப் டிக்கெட்டுக்கு இடமே இல்லை. போதாக்குறைக்கு விசாரணை என்று ஆபீசில் பிடித்து உட்கார வைத்துவிட்டு, லீவையும் ரத்து செய்துவிட்டார்கள். பயணியாக வந்தவள் எதற்கு மணியை அழுத்தினாய் என்று கேட்கிறார் அதிகாரி. அந்த நேரத்தில்தான் உன் செய்தி வந்தது. "குழந்தை பிறந்தாச்சு. வழக்கம்போல நீ இல்லை." அவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

நான் செய்தது தப்பில்லை. ஆனால் அதைச் சொல்லி உன்னிடம் நியாயம் வாங்க எனக்கு மனசில்லை. நீ உள்ளே போகும்போது அந்தக் கதவு பக்கத்தில் நான் இல்லை, அவ்வளவுதான். வழக்கம்போல என்று எழுதினாயே, அந்த ஒரு வார்த்தை இன்னும் குத்திக்கொண்டே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இந்தத் தடவை காசு கொடுத்து வாங்கிய டிக்கெட், யாரும் என்னை ஓரமாக நிற்கச் சொல்ல முடியாது. ஜன்னல் பக்கமே வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கினேன். அப்புறம் மனசு கேட்கவில்லை, மறுபடி போன் செய்து ஜன்னலோரமாகவே மாற்றிக்கொண்டேன். அதனால் என்னை நம்பிச் சாப்பாட்டை ஆற வைக்காதே, பசித்தால் சாப்பிட்டுவிடு.

வந்ததும் வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருக்காதே, அதை என்னால் தாங்க முடியாது. மாடிவீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். நீ நன்றாக இருக்கிறாய் என்றார்கள். அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தார்கள், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பெண்ணா, பையனா என்று எனக்கு இன்னும் தெரியாது. வேறு யார் வாயிலிருந்தும் அதைக் கேட்க மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை போதும்.

நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அக்கா