மெழுகில் தோய்க்காத ரோசாப்பூக்கள்

ஒக்டோபர் 11, சனிக்கிழமை

இன்று கோவிலில் மாதா சுரூபத்தின் காலடியில் தம்பி மனைவி ஜெசிந்தா செய்த பூக்களை வைத்தார்கள். என்னுடையவை வாசல் கதவுக்குப் போயின. பழைய முட்டை அட்டையில் ரோசாப்பூச் செய்ய அவளுக்குப் பழக்கியதே நான்தான்.

"உண்மைப் பூ மாதிரியே இருக்குது பிள்ளை," என்றார் சுவாமியார்.

"எல்லாம் மச்சாள் பழக்கினதுதான் சுவாமி," என்று அவள் என் கையைப் பிடித்தாள். அதுதான் இன்னும் எரிகிறது.

இந்த முல்லைத்தீவு உப்புக்காற்றில் காகிதப்பூ ஓர் இரவுகூடத் தாங்காது. உருக்கிய மெழுகுதிரியில் தோய்த்து எடுக்க வேண்டும். அதை மட்டும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

வெளியே காற்று பலமாக வீசத் தொடங்கிவிட்டது. யன்னலைச் சாத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.