மூன்றாவது பாடம்

ஸ்ரீமுக வருஷம். பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ்.

5 மே 1933, வெள்ளி

காலைப் பூசை முடிந்து கந்தசாமி கோயிலில் நின்றவர்கள்: நான், இவர், மகள் குணபூசணி, கிள்ளான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராயிருக்கும் என் தமையன் சிவகுருநாதன், ஐயர். வேறு ஒருவரும் இல்லை.

பிள்ளைக்குச் சிங்கப்பூர்க் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மூன்று பாடம் எடுக்க வேண்டும். இங்கிலீஷும் பூகோளமும் என்று இவர் முடிவாக்கிவிட்டார், வாத்தியார் வேலைக்கு உதவுமாம். மூன்றாவதில்தான் இழுபறி. நான் சரித்திரம் என்றேன். அண்ணா பொருளாதாரம் என்றார்.

"அங்கை சட்டம் இல்லை. இருந்தால் அதைத்தான் சொல்லுவன். இதைப் படிச்சிட்டு லண்டனுக்குப் போய்ச் சட்டம் படிக்கட்டும்."

"பொம்பிளைப் பிள்ளை கோர்ட்டிலை நிண்டு கத்தவோ?" என்றார் இவர். "ரெண்டு பேரும் விடமாட்டியள். பூக்கட்டிப் பாப்பம்."

வெள்ளைப் பூ சரித்திரம், சிவப்பு பொருளாதாரம். ஐயர் இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்துச் சந்நிதியில் வைத்தார்.

"தங்கச்சி, முருகனுக்குப் பொருளாதாரம் தெரியுமோ?" என்று அண்ணா காதுக்குள் கேட்டார்.

"பழனியிலை கோவணத்தோடை நிக்கிறவருக்கு அது என்னத்துக்கு" என்றார் இவர். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பிள்ளையையே எடுக்கச் சொன்னோம். வெள்ளை. எனக்கு மனம் நிறைந்துபோனது. அவள் பூவைத் தலையில் வைக்காமல் என் கையில் தந்துவிட்டாள்.

அர்ச்சனை, பூ, கற்பூரம்: 30 சதம்.

6 மே

அவள் முதலாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்த காலம் இன்று முழுக்க நினைவில். நான் எதிரே இருந்து தேங்காய் துருவிக்கொண்டே அவள் புத்தகத்தைத் தலைகீழாகப் பார்ப்பேன். இன்றைக்கும் இங்கிலீஷ் எழுத்துத் தலைகீழாக இருந்தால் எனக்குச் சுளுவாக வரும். பிறகு அவள் சரித்திரம் வாசிப்பாள், நான் அரிசி புடைப்பேன். ராசாக்களின் பெயரை அவள் மறந்தால் அடுப்படியிலிருந்து நான் எடுத்துக்கொடுப்பேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகாதவளுக்கு அதுதான் பள்ளிக்கூடம். என்ன இனிமையான நாட்கள்.

4 ஜூன், ஞாயிறு

இரவு ரயிலில் அனுப்பிவைத்தோம். வீட்டில் வாசிக்கிற சத்தம் இல்லை.

12 ஆகஸ்ட், சனி

விடுமுறைக்கு வந்திருக்கிறாள். மெலிந்துவிட்டாள். மாலையில் ஆசையாகப் பக்கத்தில் போய் இருந்தேன். "இப்ப எந்த ராசா வரைக்கும் வந்திருக்குது? கொஞ்சம் வாசியன், கேப்பம்" என்றேன்.

புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "நீங்களே வாசியுங்கோ அம்மா. உங்களுக்குத்தானே சரித்திரம்."

"ஏனடி? நீதானே பூவை எடுத்தாய்?"

"எடுக்கச் சொன்னனீங்கள், எடுத்தன். என்ன படிக்க ஆசையெண்டு என்னட்டை ஒரு சொல் கேட்டனீங்களோ? மாமா ஒண்டு சொன்னார், நீங்கள் ஒண்டு சொன்னியள், பிறகு முருகனையும் கேட்டியள்."

சத்தம் போடவில்லை அவள். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள் — நான் என்ன செய்ய? என்ரை பிள்ளையின்ரை மனம் எனக்குத் தெரியாதோ எண்டுதானே இருந்தனான். தெரியேல்லையே.

14 ஆகஸ்ட்

போய்விட்டாள். முதலாம் வருஷப் பிள்ளைகள் இந்த மாதத்துக்குள் பாடம் மாற்றலாம் என்று அண்ணா விசாரித்துச் சொன்னார்.

ஒன்று நினைவு வருகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் கப்பலேறக் காத்து நின்ற காப்பார்ப் பக்க ரப்பர்த் தோட்டத்துச் சனத்தைப் பார்த்தோம், பெட்டியும் பாயும் கைக்குழந்தையுமாக. "ஏன் அம்மா துரைமார் இவ்வளவு பேரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பினம்?" என்றாள். ரப்பர் விலை விழுந்துவிட்டது என்றேன். "ஏன் விழுந்தது?" எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கேள் என்றேன். போய்ப் படி என்றார் அவர்.

அப்போ, பொருளாதாரமா? அல்லது மாமாவின் கோர்ட்டுக் கதைகளை வாய் பிளந்து கேட்பாளே, சட்டமா?

பார், மறுபடியும் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

16 ஆகஸ்ட், புதன்

சோறு போடும்போது இவரிடம் கதைத்தேன்.

"முருகன் சொன்னதை மாத்திறதோ?" என்று கையை நிறுத்திவிட்டார்.

"முருகனைக் கேட்டது நாங்கள். அவரிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறன். நீங்கள் கல்லூரிக்குக் கையெழுத்து வையுங்கோ."

"இப்ப கோயிலுக்கும் நீதான் குமாஸ்தாவோ?" என்றார். பிறகு ரசம் கேட்டார். சம்மதம் என்று அர்த்தம்.

விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் பிள்ளைக்கு எழுதினேன். தபாலில் போட்டதை இங்கும் எழுதிவைக்கிறேன்:

"மகள், உன்னைக் கேட்காமல் விட்டது பிழை. இப்போது கேட்கிறேன். என்ன படிக்க உனக்கு விருப்பம்? நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அப்பா கையெழுத்து வைப்பார். மாதம் முடியுமுன் மாற்ற வேண்டும். கெதியாய்ப் பதில் போடு."